சர்டிபிகேட் கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை

கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களில் வலுவான ஆள் யார் என்று என்னைக் கேட்டால், ஒரே இடத்தில் நீண்ட நாள் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரிந்தவர் என்பேன். மதிப்பெண், சர்டிபிகேட், சரளமான ஆங்கிலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். அதனால் எனக்கு ஒரு வருட அட்மிஷன் கைநழுவிப் போனது. இன்று நான் விரும்பிய படிப்பை, விரும்பிய மாதிரி ஓர் அரசு நிறுவனத்தில் முடித்துவிட்டேன். ஆனாலும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. அதே தவறான யோசனை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் அடி அண்ணாமலைக்காரி. கிரிவலப் பாதையில் அப்பாவுக்கு டீக்கடை. ராஜகோபுரத்திலிருந்து கிளம்பி 14 கிலோமீட்டர் சுற்றுகிறவர்கள் பாதிக்கு மேல் நடந்த களைப்போடு எங்கள் ஊருக்கு வந்து சேருவார்கள். பௌர்ணமி இரவில் எங்கள் வீட்டில் யாரும் தூங்க மாட்டோம். பள்ளிக்கூடம் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இதைப் படிக்கிற நீங்களும் அநேகமாக இப்படி ஒரு வீட்டிலிருந்துதான் வருவீர்கள். அப்படி எண்ணித்தான் பேசுகிறேன்.

ஏன் இத்தனை போட்டி

எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்ததோடு யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தெளிவான வரையறை வைத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தகுதி வேண்டும். இதுவரை நம்மில் பெரும்பாலோருக்கு அதற்கான வழி, மேற்பார்வையோடு மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்.தான். ஆசிரியர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் இடங்களுக்கு அனுமதி தருவார்கள் என்பதால் எங்கேயும் இடம் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1955-லேயே தொடங்கிய பயிற்சி இது, ராஞ்சி சி.ஐ.பி.யில் 1962-இல் வந்தது. அங்கெல்லாம் நாடு முழுக்க இருந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. யு.ஜி.சி. 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு 2024 ஜனவரியில் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் படிப்பின் பெயர் மாறியிருக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பையும் ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரப் பட்டியலையும் நீங்களே வரிக்கு வரி படியுங்கள். பட்டத்துக்கு எந்தப் பெயர் வந்தாலும் தேர்வுக் குழு தேடுகிற ஆள் மாறப் போவதில்லை.

என் ஒரு வருடத்தைத் தின்ற யோசனை

எம்.எஸ்சி. படித்த கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருந்தார். எல்லாருக்கும் ஒரே யோசனைதான் சொல்வார்: "ஃபைல் கனமா இருக்கணும்மா. ஒர்க்‌ஷாப் எங்க நடந்தாலும் போ. சர்டிபிகேட் சேத்துக்கிட்டே இரு." நாங்களும் சேர்த்தோம். கலை வழி சிகிச்சை இரண்டு நாள், சி.பி.டி. வாரக் கடைசி, ஹிப்னாஸிஸ் அறிமுகம், கையெழுத்தை வைத்து ஆளுமையைக் கண்டுபிடிக்கும் வகுப்பு. கடைசியாகச் சொன்னது அறிவியலே இல்லை என்பதை அந்தத் துறையில் இருந்த ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. சில பயிலரங்குகளை அதே ஆட்கள்தான் கட்டணம் வாங்கி நடத்தினார்கள். டீக்கடை வருமானத்திலிருந்து அப்பா கொடுத்த காசு அப்படிப் போனது.

அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். உள்ளே போய் ஃபைலை மேஜைமேல் வைத்தேன். குழுவில் ஒருவர் அதை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு ஊரைக் கேட்டார். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"உங்கள் ஊர்ப் பாதையில் ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிலர் அவரைச் சித்தர் என்று கும்பிடுகிறார்கள். அது நோயா, நோய் இல்லையா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?"

நான் ஸ்கிட்ஸோஃப்ரினியாவின் வரையறையை டி.எஸ்.எம். புத்தகத்தில் உள்ளபடி ஒப்பித்தேன். ஐந்து அறிகுறிகளில் இரண்டு, ஒரு மாதம், மொத்தமாக ஆறு மாதம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாதையில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். என்ன பார்த்தீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. சின்ன வயதிலிருந்து அப்பா கடைக்கு எதிரே இப்படி எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். டீ கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். ஆனால் அவர்களைக் கவனிப்பதும் படிப்பின் பகுதி என்று முதுகலை முடியும்வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் வகுப்பெடுத்தவர்கள் எங்களை ஒரு மனநல வார்டுக்குள்கூட அழைத்துப் போனதில்லை. ஃபைலைக் கனமாக்கச் சொன்னவரிடம் பிறகு இதைக் கேட்டேன். "உனக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்றார். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. தவறான யோசனை தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான்.

தேர்வுக் குழுவின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் வார்டில் நிற்க வேண்டும். நோயாளியின் கதையைக் கேட்டு எழுத வேண்டும். சோதனைகள் நடத்த வேண்டும். ஆய்வேடு எழுத வேண்டும். இரண்டு வருடமும் தாங்குவாரா, சொல்லிக் கொடுத்தால் திருத்திக்கொள்வாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா என்பதைத்தான் அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் தேடுகிறார்கள். வாரக் கடைசிச் சர்டிபிகேட் இதில் எதையும் காட்டாது. பணம் கட்டி வந்து உட்கார்ந்தார் என்பதை மட்டும் காட்டும்.

ஓர் இடம் பிடியுங்கள்

அடுத்த வருடம் நான் ஒரு பயிலரங்குக்கும் போகவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே, வீடில்லாமல் திரியும் மனநலம் பாதித்த பெண்களுக்கான ஓர் இல்லத்தில் போய்க் கேட்டேன். சம்பளம் வேண்டாம், சொல்கிற வேலையைச் செய்கிறேன், எழுதுவதைத் திருத்துங்கள், அது போதும் என்றேன். அங்கே சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கராக இருந்த மேடம், "கவுன்சலிங் எல்லாம் பண்ணக் கூடாது. உக்காந்து பாரு, எழுது. சரியா?" என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த நிபந்தனைக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இடம் நம் பக்கத்தில் இல்லை என்று சொல்லாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக வந்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர்ப் பக்கம் போனால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம். சென்னையில் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இலிருந்து வீடற்ற பெண்களுக்காக நடக்கும் பேனியன். சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி இல்லாத ஊரே இன்று குறைவு. ஏற்பாடு இப்படி இருக்கட்டும்: ஒரே இடம், குறைந்தது ஆறு மாதம், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதுகலை முடித்த கையோடு இன்ஸ்டாகிராமில் "கவுன்சலர்" என்று பெயர் போட்டு ஆட்களுக்கு ஆலோசனை சொல்கிற பழக்கம் பரவியிருக்கிறது. அதை அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். மேற்பார்வை இல்லாமல் இன்னொருவரின் துயரத்தில் கை வைத்ததாக நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. குழுவில் இருப்பவர்கள் அதை அப்படித்தான் வாசிப்பார்கள், வாசிக்கவும் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் கற்றுத் தந்தது

முதல் வாரத்தில் நான் எழுதிய ஒரு வரி: "இன்று அவர் கோபமாக இருந்தார்." மேடம் அடியில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: "உனக்கு எப்படித் தெரியும்?" மறுநாள் திரும்ப எழுதினேன்: "சாப்பாட்டுத் தட்டை இடது கையால் தள்ளினார். குரல் உயர்ந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்." அதற்குக் கீழே ஒரு டிக். மனநிலைப் பரிசோதனை என்று பாடத்தில் படிப்போமே, தோற்றம், நடத்தை, பேச்சு, உணர்ச்சி, சிந்தனை, புலனுணர்வு, தன்னிலை அறிதல் என்று, அதை நான் உண்மையில் கற்றது அந்தச் சிவப்பு மையில்தான்.

அங்கே ஒரு பெண்மணி இருந்தார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். பௌர்ணமிக் கூட்டத்தில் தனியே நின்றவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கோப்பில் பல பக்கங்களில் ஒரே குறிப்பு: "கேள்விகளுக்குப் பதில் தருவதில்லை." மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஆயா வேலை பார்த்த அக்காவோடு மட்டும் அவர் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். ஏன் அவரோடு மட்டும்? அன்பாகப் பேசுகிறார், அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அன்பாகத்தான் பேசினேன், பதில் வரவில்லை.

சில வாரம் கவனித்தேன். தலைவாரி விடும்போது அக்கா எப்போதும் அந்தப் பெண்மணியின் வலது பக்கம்தான் உட்காருவார். ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம். டாக்டர் வரும்போது நாற்காலி போடுவது இடது பக்கம், கதவு அங்கே. நான் ஒரு நாள் வலது பக்கம் போய் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றேன். "ம், உப்பு கம்மி" என்றார். எழுதி மேடத்திடம் காட்டினேன். காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இடது காதில் பழைய சீழ். கேட்கும் திறன் பெருமளவு போயிருந்தது.

இரண்டாவது முறை இன்டர்வியூவில், நீங்கள் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றபோது இதைத்தான் சொன்னேன். உடனே வந்த கேள்வி: "அப்படியானால் அவருக்கு மனநோய் இல்லையா?" இருந்தது என்றேன். காதில் குரல் கேட்பதும், ஊரார் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற நம்பிக்கையும் அப்படியே இருந்தன. அவர் அதைச் சொல்ல ஆரம்பித்ததே வலது பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகுதான். ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது என்றேன். "வேறு என்ன விளக்கம் இருந்திருக்கலாம்?" என்று இன்னொருவர் கேட்டார். ஆயா அக்காவிடம் பழக்கம் அதிகம், மருந்து வேலை செய்ய எடுத்த காலம், இரண்டும் இருந்திருக்கலாம், காது மட்டுமே காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது என்றேன். இருக்கிற எல்லா விளக்கத்தையும் மேஜையில் வைத்து, எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் இந்தத் தொழில். அன்று எனக்கு இடம் கிடைத்ததில் இந்தப் பதிலுக்குத்தான் பெரும் பங்கு என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் ஊரே உங்கள் பலம்

சென்னைப் பெரிய கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களைப் பார்த்து மருள வேண்டாம். அவர்கள் பேச்சு அழகாக இருக்கும். உங்களிடம் இருப்பது வேறு. கூழ் ஊற்றும்போது சாமியாடும் அத்தையை உங்களுக்குத் தெரியும். உடுக்கைச் சத்தத்தில் வந்த சாமி, விபூதி பூசியதும் மலையேறிவிடும். அரை மணி நேரத்தில் அத்தை அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருப்பார். ஐ.சி.டி.-11 வகைப்பாட்டில் டிரான்ஸ் நிலையை எப்போது நோய் என்று சொல்லலாம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். அது அவர் விருப்பமில்லாமல் வருகிறதா, அவர் சார்ந்த சமூகத்தின் வழிபாட்டு வழக்கத்துக்கு வெளியே நிற்கிறதா, அவருக்குக் கடும் துன்பமோ அன்றாட வாழ்க்கையில் முடக்கமோ தருகிறதா என்று கேட்கிறது. அத்தையை அறிந்த உங்களுக்கு அந்தப் பத்தி ஒரே வாசிப்பில் புரியும். மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

முதல் இன்டர்வியூவில் என்னைத் திணற வைத்த கேள்விக்கும் விடை அதே திசையில்தான் இருக்கிறது. தனியாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முன்பு எப்படி இருந்தவர், எப்போதிலிருந்து மாறினார், பேச்சு கோர்வையாக இருக்கிறதா, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாரா, பயந்து ஒடுங்குகிறாரா, அவரைச் சுற்றியிருக்கும் மரபு அந்த நடத்தைக்கு இடம் கொடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சேஷாத்ரி சுவாமிகளைப் பைத்தியம் என்று சொன்னவர்களும் இந்த ஊரில்தான் இருந்தார்கள். 1896-இல் சிறுவனாக வந்து பாதாள லிங்கத்தில் உடம்பை மறந்து உட்கார்ந்திருந்த ரமணர்மேல் கல்லெறிந்தவர்களும் இங்கேதான் இருந்தார்கள். அதே சமயம், சித்தர் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, காலில் புண் புழுத்த மனிதரை மழையில் விட்டுப் போகிறவர்களையும் நான் கடை வாசலில் பார்த்திருக்கிறேன். கும்பிடுவதால் அவருக்குச் சிகிச்சை கிடைத்துவிடாது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பேசத் தெரிந்த விண்ணப்பதாரர் அபூர்வம். திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கூடவே இந்த மண்ணில் நடந்த ஆய்வுகளைப் படியுங்கள். நிம்ஹான்ஸைச் சேர்ந்த ராகுராமும் சகாக்களும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைப் பார்த்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் அறிகுறி அளவுகோலின் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. படித்ததும் "கோயிலே குணமாக்குகிறது" என்று குதிக்கக் கூடாது. ஒப்பிட வேறு குழு இல்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் கோயிலுக்கு வருகிறார்கள். உச்சத்தில் இருப்பது தானாகவும் தணியும். ஆனால் கட்டிப் போடாத, திட்டாத, குடும்பத்தோடு தங்க விடுகிற இடம் என்ன செய்யும் என்ற கேள்வியை அது நேர்மையாக எழுப்புகிறது. இதன் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இரண்டையும் தெரியாமல் தமிழ்நாட்டிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகக் கூடாது.

ஸ்கார்ஃபின் தாராவும் குழுவினரும் முதல் முறையாக ஸ்கிட்ஸோஃப்ரினியாவுக்கு ஆளான 90 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த மெட்ராஸ் லாங்கிட்யூடினல் ஸ்டடியையும் படியுங்கள். இருபது கட்டுரைகளின் சுருக்கத்தைப் புரட்டுவதைவிட, ஒரு கட்டுரையை எடுத்து யாரைச் சேர்த்தார்கள், யார் பாதியில் காணாமல் போனார்கள், எதை அளந்தார்கள் என்று பிரித்துப் படிப்பது மேல். இன்டர்வியூவில் தோண்டிக் கேட்பார்கள். மேலோட்டமாகப் படித்தது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக

எழுத்துத் தேர்வுக்கு மார்கன் அண்ட் கிங், கார்சன் எழுதிய அப்நார்மல் சைக்காலஜி, நீரஜ் அகுஜாவின் சைக்கியாட்ரி புத்தகம், சோதனைகளுக்கு அனஸ்டாசி, புள்ளியியலுக்கு காரட். இவை போதும். கோச்சிங் தேவையில்லை, பழைய வினாத்தாள்களும் ஒழுங்கான நேரமும் இருந்தால் நீங்களே படிக்கலாம். புள்ளியியலை ஒதுக்காதீர்கள், எம்.ஃபில். முதல் ஆண்டில் அது தனித் தாளாகவே வருகிறது. பினே-காமத், பாட்டியா பேட்டரி, மாலின் சோதனை போன்றவற்றை யாருக்கு, எந்த வயதில், ஏன் போடுகிறோம் என்று தெரிந்திருக்கட்டும். விண்ணப்பத் தேதி, கட்டணம், ஜாதிச் சான்றிதழ் எல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வார்டில் நோயாளி "நெஞ்செல்லாம் படபடங்குது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்று சொல்லும்போது, அடுத்த கேள்வியை இயல்பாகக் கேட்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

முதுகலையை ரெகுலராகவே படியுங்கள். தபால் வழிப் பட்டத்தைப் பல நிறுவனங்கள் இந்தப் படிப்புக்கு ஏற்பதில்லை. செலவு குறைகிறதே என்று சேர்ந்த என் தோழி ஒருத்தி இன்று திரும்ப முதலிலிருந்து படிக்கிறாள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. அங்கே கிளினிக்கல் பி.எச்டி.க்கு ஆராய்ச்சி அனுபவமும், யாரிடம் சேரப் போகிறோமோ அந்தப் பேராசிரியரின் ஆய்வோடு நம் ஆர்வம் பொருந்துவதும், நம்மை நன்றாக அறிந்தவர் எழுதும் சிபாரிசுக் கடிதமும்தான் பேசும். அங்கேயும் ஒரே ஆய்வகத்தில் நீடித்து வேலை செய்தவருக்குத்தான் நல்ல கடிதம் கிடைக்கும்.

விட்டுக்கொடுக்காத இரண்டு

முதல் முறை கிடைக்காமல் போனதும் ஒரு தனியார் நிறுவனத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். "நெலத்த அடமானம் வெச்சிடலாம்ண்ணா, ஒரு வருசம் வீணாப் போவக் கூடாது" என்று அப்பாவைக் கரைத்தார். நான் மறுத்துவிட்டேன். சில அரசு நிறுவனங்களில் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். அப்படியிருக்கும்போது நிலத்தை வைத்துச் சேர்ந்தால், முடித்த நாளிலிருந்து கடனை அடைக்கவே மணிக்கு இத்தனை ரூபாய் என்று ஆள் பார்க்க வேண்டியிருக்கும். நம் ஊர்க்காரர்களால் அந்தக் காசைக் கொடுக்க முடியாது. அந்த வருடம் வீணாகவில்லை. அதில்தான் நான் இல்லத்துக்குப் போனேன். அன்று சித்தப்பா பேச்சைக் கேட்டிருந்தால் இன்று எழுத எதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது, வீட்டுப் பேச்சு. "ஏம்மா, பைத்தியத்தப் பாக்கறதுக்கு இவ்ளோ படிப்பா? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்று சொந்தத்தில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழக் கேட்டார். உங்கள் வீட்டிலும் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதே மனிதர் பின்னால் தன் மகன் அறையைவிட்டு வெளியே வரவில்லை என்று ராத்திரியில் போன் செய்தார். எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, காலையில் நானே கூட்டிக்கொண்டு போனேன். பழையதை எடுத்துப் பேசவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 10.6 சதவீதம் பேர் ஏதாவதொரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார்கள். பல கோளாறுகளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. அவர்களில் பலர் நம் தெருவில், நம் சொந்தத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழகிய ஒருவர் வரிசையில் நின்றால் தேர்வுக் குழுவுக்குத் தெரியாமல் போகாது.

அடுத்த வாரக் கடைசிப் பயிலரங்குக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தைக் கட்டாதீர்கள். பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். முடியாது என்று சொன்னால், வேறு எங்கே போய்க் கேட்கலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.